பழைய புல்லட்டை அறுக்காமல் பாபராக மாற்றும் முறை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில், மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலோ மாடிப்படியின் அடியிலோ சாக்கு போர்த்தி நிறுத்தப்பட்ட பழைய புல்லட் 350 வண்டிகள் இன்னும் கண்ணில் படுகின்றன. வலப்பக்கம் கியரும் இடப்பக்கம் பிரேக்கும் வார்ப்பிரும்பு சிலிண்டரும் கொண்ட அந்தத் தலைமுறை வண்டியைத் தேவையற்ற பாகங்கள் களைந்த ஒற்றை இருக்கை பாபராக மாற்றுவது பலருக்கும் ஆசை. அந்த ஆசையோடு பட்டறைக்குப் போனால் கைக்கு முதலில் வருவது கட்டிங் மெஷின்தான். அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. கழற்றியதை எல்லாம் மீண்டும் அதே போல்ட்டில் மாட்ட முடிகிற விதத்தில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். அதற்குச் சட்டமும் ஒரு காரணம், வண்டியின் கட்டமைப்பும் ஒரு காரணம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வேறுபடும்படி ஒரு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. நிறம் மாற்றுவது, சிறு துணைப் பொருட்களைப் பொருத்துவது போன்றவை வேறு, வண்டியின் சட்டகமான சேஸிஸையும் எஞ்சினையும் மாற்றுவது வேறு என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும், அப்போது வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் காட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கழற்றிய மட்கார்டையும் சீட்டையும் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிடுவது எவ்வளவு தவறு என்பது விளங்கும். நிறத்தை மாற்றினால் அதை ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிந்துகொள்ளுங்கள்.

வண்டி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்ததாக இருந்தால், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். 2021-இல் வந்த விதிகளின்படி அப்படிப்பட்ட வண்டியைப் பழம்பெரும் வாகனமாகத் தனி எண் வரிசையில் பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸும் எஞ்சினும் மூல வடிவில் இருந்தால் மட்டுமே அந்தத் தகுதி கிடைக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த, ஏற்கெனவே பாதிப் பாகங்கள் மாறிப்போன வண்டியே நமது வேலைக்கு ஏற்றது. வாங்கும்போது ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் உலோகத்தில் பதித்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெயின்ட் மூடியிருந்தால் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

கழற்றும் முன் வண்டியை ஓட விட்டுப் பார்ப்பது அவசியம், ஏனெனில் எஞ்சினின் குறை தெரியாமல் அழகுக்குச் செலவு செய்வதில் பொருளில்லை. நெடுநாள் நின்ற புல்லட்டில், தனி அறையில் இருக்க வேண்டிய ஆயில் மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். அப்படியே உதைத்தால் புகை மண்டும், மூச்சுக் குழாய் வழியாக ஆயில் கொப்பளிக்கும். ஆகவே அடியிலுள்ள வடிகால் போல்ட்டுகளைத் திறந்து முழுவதும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் சிலிண்டர் தலையின் மேலுள்ள இரு ராக்கர் மூடிகளில் ஒன்றைத் திறந்து, ஆயில் அங்கே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு ஆயில் பம்பையும் பாதைகளையும் சரிபார்க்க வேண்டும். சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். இந்த எஞ்சினின் துளை 70 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி.; சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் அடுத்த அளவுக்கு ரீபோர் செய்து, அந்த அளவு பிஸ்டனைப் போடலாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்துத் துளையிடச் சொல்லுவதே முறை.

டேப்பெட்டை, அதாவது வால்வுகளைத் தூக்கும் பாகங்களின் இடைவெளியை, சரிசெய்ய எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டனை அமுக்க ஓட்டத்தின் உச்சியில் நிறுத்தி, வலப்பக்கம் சிலிண்டரின் அடியிலுள்ள சிறு மூடியைத் திறந்தால் வால்வுகளை இயக்கும் இரு புஷ் ராடு கம்பிகளும் தெரியும். அவை விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியைத் தூண்டும் காண்டாக்ட் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருந்தால் போதும்.

இனிக் கழற்றும் வேலை. முதலில் பேட்டரி இணைப்பையும், அடுத்துப் பெட்ரோலை வடித்துவிட்டு டேங்கையும், பிறகு சீட்டையும் எடுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் அவிழ்க்கும் முன் கைபேசியில் படம் பிடித்து, அந்தந்த இடத்தின் போல்ட், வாஷர், புஷ் எல்லாவற்றையும் தனித்தனி உறையில் இட்டுப் பெயர் எழுதி வையுங்கள். இந்த வண்டிகளில் ஆங்கில அளவு மரையும் மெட்ரிக் மரையும் கலந்தே இருக்கும் என்பதால், பொருந்தாத ஒரு போல்ட்டை வலிந்து இறுக்கினால் அலுமினிய மரை சாப்பிட்டுப்போய்விடும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் முகப்பு விளக்கு. புல்லட்டில் ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் ஆம்ப்மீட்டரையும் தாங்கி நிற்கும் அந்த அலுமினிய வார்ப்பு வெறும் அலங்கார மூடி அல்ல. முன் ஃபோர்க்கின் இரு குழாய்களும் மேலே அதற்குள்தான் திருகி நிற்கின்றன. அதைத் தூக்கி எறிந்துவிட்டு உருண்டை ஹெட்லைட் மாட்ட வேண்டுமென்றால் மேல்பிடி முழுவதையும் மாற்ற வேண்டும். சந்துப் பட்டறையில் இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டிய மேல்பிடியை நம்பி 80 கி.மீ. வேகத்தில் போக எனக்குத் துணிவில்லை. அந்த வார்ப்பை அப்படியே விட்டு, பஃபிங் செய்தோ மங்கலான கறுப்பு அடித்தோ வைத்துக்கொள்வது நல்லது. புல்லட்டின் முகமே அதுதான், எவ்வளவு களைந்தாலும் முகத்தை ஏன் களைய வேண்டும்?

பின்பக்கம்தான் பாபரின் உருவம் தீர்மானமாகிறது. இந்தச் சேஸிஸில் அடிப்பக்கம் முழுத் தொட்டில் கிடையாது. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய்க்கும் பின்பகுதிக்கும் இடையே எஞ்சினே பாலமாக நின்று பளுவைத் தாங்குகிறது. எஞ்சின் இல்லாத வெற்றுச் சேஸிஸில் வெல்டிங் வைத்தால் வெப்பத்தில் குழாய்கள் இழுத்துக்கொண்டு, பிறகு எஞ்சின் போல்ட்டுகள் நேராக ஏறா. அப்படியே ஏற்றினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின் ஷாக் அப்சார்பரின் மேல்பிடிக்கு முன்னால் எந்தக் குழாயிலும் கை வைக்காதீர்கள். நீளமான பின் மட்கார்டைக் கழற்றிவிட்டு, வேறொரு மட்கார்டை வாங்கிக் குறுக்கி, அதே போல்ட் துளைகளில் மாட்டினால் பார்வைக்கு வேண்டிய மாற்றம் முழுவதும் கிடைத்துவிடும். மட்கார்டே இல்லாமல் ஓட்டலாம் என்று சிலர் வாதிடுவார்கள். மணல் லாரியும் ஜல்லி லாரியும் ஓடும் நம் சாலைகளில் ஒரு மழை போதும், முதுகில் சேறு கோலம் போட்டுவிடும். முன் மட்கார்டையும் குறுக்கலாம், ஆனால் அதன் தாங்கு கம்பிகளை எடுக்க வேண்டாம், அவை ஃபோர்க்கின் இரு கால்களையும் இணைத்து ஓரளவு விறைப்பைத் தருகின்றன. செயின் கார்டு இருந்தே தீர வேண்டும். வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு வண்டி ஏறும் ஊரில் அதைக் கழற்றுவது ஆபத்து. பின்னால் ஆள் ஏறும் வண்டியில் கைப்பிடி, கால்தாங்கி, சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் சேலைக் காப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி தயாரிப்பாளருக்குச் சொல்கிறது. ஆகவே ஒற்றை இருக்கை போட்ட பின் அதில் இன்னொருவரை ஏற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இருக்கை விஷயத்தில் நம் மாவட்டங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். காலணித் தொழிற்சாலைக்குப் போகும் மெல்லிய தோல் இதற்கு உதவாது. பெல்ட்டுக்கும் குதிரைச் சேணத்துக்கும் பயன்படும், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த எருமைத் தோலைக் கேட்டு வாங்குங்கள். 3 மி.மீ. அளவுக்குத் தடிமன் இருந்தால் வெறும் தோலே வடிவம் காத்து நிற்கும். தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இரும்புத் தகட்டில் செய்த அடிப்பலகையின் மீது இழுத்துக் கட்டி, நிழலில் காயவிட்டு, காய்ந்த பின் விளிம்பில் துளையிட்டு ரிவெட் அடித்துவிட்டால் தையல்காரர் தேவைப்படாது. வெயிலில் உலர்த்தினால் வெடிக்கும். தேன்மெழுகு பூசினால் தூறலைத் தாங்கும், ஆனால் கொட்டும் மழையில் உறை போடத்தான் வேண்டும். கறுப்புத் தோல் படத்தில் அழகாக இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்க் கோட்டைக்கு எதிரே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் பழுப்பு நிறத்தின் அருமை. இருக்கையின் அடியில் ஸ்பிரிங் வைப்பதானால், அதன் முன்பிடியும் பின்பிடியும் ஏற்கெனவே உள்ள போல்ட் இடங்களில் கிளாம்பு கொண்டு நிற்கும்படி தகட்டில் வடிவமைக்கச் சொல்லுங்கள்.

பின்பாரம் குறைந்துவிட்டதால் பழைய ஷாக் அப்சார்பர் இப்போது விறைப்பாகத் தோன்றும், பள்ளத்தில் பின்சக்கரம் துள்ளும். ஸ்பிரிங் இறுக்கத்தை மிகக் குறைந்த படியில் வையுங்கள். ஹேண்டில் பாரை மாற்றினால் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் கேபிள்களின் நீளத்தையும் மாற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம்.

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவதும், தடையில்லாத சைலன்சர் போடுவதும் பாபர் கட்டுபவர்களின் வழக்கம். இரண்டும் காற்றைக் கூட்டுவதால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகும். மே மாத வேலூரில் அப்படி ஓடும் வார்ப்பிரும்பு எஞ்சின் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ள வெகுநேரம் ஆகாது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒவ்வோர் அளவாகக் கூட்டி, சில கிலோமீட்டர் ஓட்டி, ஓடும்போதே எஞ்சினை அணைத்து ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், காய்ந்த செங்கல் போன்ற பழுப்பு இருந்தால் சரி. சத்தத்துக்காகவே சைலன்சரின் உள்தடுப்பைப் பிடுங்கிவிட்டு மருத்துவமனை இருக்கும் தெருவில் ஓட்டுபவர்களுக்கு எனது அனுதாபம் கிடையாது.

டேங்கின் உள்ளே துரு இருந்தால், வினிகரும் ஒரு பிடி நட்டும் போட்டுக் குலுக்கி ஊறவிட்டு, சோடா உப்புக் கரைத்த நீரால் அலசி, உடனே முழுவதும் உலர்த்த வேண்டும். பெட்ரோல் நின்ற டேங்கில் வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து. ஆவி உள்ளே தங்கியிருக்கும், ஆகவே அதற்கென்றே பழகிய ஆளிடம் மட்டும் கொடுங்கள். இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதோடு பழைய ரப்பரையும் கெடுக்கிறது. குழாயையும் கார்புரேட்டர் வாஷர்களையும் புதிதாக மாற்றி, வண்டி பல நாள் நிற்கப்போகிறது என்றால் டேங்கின் குழாயை மூடிக் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் கொடுப்பதானால், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். பவுடர் 200 டிகிரி அளவு சூட்டில் இறுகும் என்பதால், ஸ்டியரிங் பேரிங் கிண்ணங்களையும் ரப்பர் புஷ்களையும் முன்பே எடுத்துவிட வேண்டும், பட்டி போட்டு நிரப்பிய இடம் எதுவும் இருக்கக் கூடாது. சேஸிஸ் எண்ணின் மீது டேப் ஒட்டிக் காப்பாற்றச் சொல்லுங்கள். பூச்சுக்குப் பின் பலரைத் திகைக்க வைப்பது மின்சாரக் கோளாறுதான்: பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது, எர்த் வயர் நிற்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டி வெற்று இரும்பைக் காட்டினால்தான் ஹாரனும் விளக்கும் ஒழுங்காக வேலை செய்யும். சில பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும், இன்றைய ரெகுலேட்டரையோ எல்.இ.டி. விளக்கையோ மாட்டும் முன் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். இண்டிகேட்டர், கண்ணாடி, பின்விளக்கு, நம்பர் பிளேட் எதையும் விட்டுவிடாதீர்கள்.

கோக்கும்போது ஒற்றை சிலிண்டரின் அதிர்வை மனத்தில் வைத்து, ஸ்பிரிங் வாஷரோ நைலான் நட்டோ இல்லாத போல்ட் எதையும் அனுமதிக்காதீர்கள். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி, டிரம்மில் முழுப்பரப்பும் படுகிறதா என்று பார்த்த பிறகே வெளியே எடுங்கள். முதல் ஓட்டம் விடியற்காலையில், போக்குவரத்து குறைவான சாலையில், வேலூருக்கு அருகிலுள்ள அமிர்தி வரை போதும்; 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரி மலைப்பாதையைப் பிரேக் படிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். 100 கி.மீ. ஆனதும் எஞ்சின் பிடிமானம், ஹேண்டில், சக்கர அச்சு, இருக்கை கிளாம்பு ஆகியவற்றின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ரீபோர் செய்த எஞ்சினை 500 கி.மீ. வரை 50 கி.மீ. வேகத்துக்கு மேல் விரட்டாமல், அந்தத் தூரம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டேப்பெட்டையும் பாயிண்ட் இடைவெளியையும் இன்னொரு முறை அளந்து பாருங்கள்.