பூல் க்யூவுக்கு எந்த டிப்? சாஃப்டா ஹார்டா என்பதைக் கடைசியில் கேளுங்கள்

க்யூவின் (பூல் ஆடும் கோலின்) நுனியில் ஒட்டியிருக்கும் தோல் துண்டுதான் டிப். அதை மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்த நொடி வரும் கேள்வி, "சாஃப்டா, ஹார்டா?" என் பார்வையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. டிப்பின் அகலம், மேல் வளைவு, அது உட்காரும் இடம் இந்த மூன்றும் சரியாக இருந்தால் கடினத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஆட்டம் ஓடும். மூன்றில் ஒன்று கோணலாக இருந்தால் எவ்வளவு உசத்தியான டிப் போட்டாலும் மிஸ்க்யூ ஆகும், அதாவது டிப் பந்தில் வழுக்கிவிடும். பழி என்னவோ கடினத்தின் மேல்தான் விழும்.

க்யூ பிடிப்பது, டிப் வழுக்காமல் இருக்க அதில் சாக் தூள் பூசுவது, வெள்ளைப் பந்தை மேலே அடித்தால் என்ன ஆகும், கீழே அடித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மேலே போவோம்.

படி 1: முதலில் பழைய டிப்பைப் பாருங்கள்

பல சமயம் புது டிப்பே தேவைப்படாது. மேற்பரப்பு பளபளவென்று மினுங்கினால் தோல் இறுகிவிட்டது, சாக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் சரியாகிவிடும். டிப்பின் ஓரம் காளான் குடை மாதிரி ஃபெரூலைத் தாண்டிப் பிதுங்கியிருந்தால், பிதுங்கியதை மட்டும் நறுக்கிவிடலாம். (ஃபெரூல் என்பது டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை வளையம்.)

மாற்றியே ஆக வேண்டிய நிலை இரண்டு. பக்கவாட்டில் பார்க்கும்போது டிப்பின் ஓர உயரம் 2 மி.மீ.க்கும் கீழே போயிருந்தால் இனி அதில் தேய்த்து வளைவு கொண்டுவர இடமில்லை. அடுத்தது சத்தம். பந்தைத் தட்டும்போது 'டக்' என்று ஒரே சத்தமாக வராமல் உள்ளே ஏதோ ஆடுகிற மாதிரி இரட்டைச் சத்தம் வந்தால், பசை விட்டிருக்கிறது அல்லது ஃபெரூலில் விரிசல் இருக்கிறது. விரிசல் என்றால் டிப் மாற்றிப் பயனில்லை, முதலில் ஃபெரூலைச் சரிசெய்ய வேண்டும்.

படி 2: அகலம்

இதில் உங்கள் விருப்பத்துக்கு அதிக வேலை இல்லை, உங்கள் க்யூ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. வழக்கமான பூல் க்யூவின் முனை 12 முதல் 13 மி.மீ. வரை இருக்கும். ஸ்னூக்கர் க்யூ என்றால் 9, 10 மி.மீ. சின்னப் பந்துகளில் ஆடும் ஆங்கிலேய எட்டுப்பந்து ஆட்டத்தில் 8, 9 மி.மீ. உலக பூல் சங்கத்தின் விதிப்படி டிப் 14 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது.

வெர்னியரால் ஃபெரூலை அளந்துவிட்டு, அதைவிட அரை மி.மீ. அல்லது ஒரு மி.மீ. பெரிய டிப்பாக வாங்குங்கள். ஒட்டிய பிறகு ஓரத்தை நறுக்கி ஃபெரூலோடு சமமாக்கிக்கொள்ளலாம். பூலுக்கான டிப்புகள் பெரும்பாலும் 14 மி.மீ. அளவில் வருவது இதற்காகத்தான். ஃபெரூலைவிடச் சின்ன டிப்பை மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஃபெரூலின் விளிம்பு வெளியே தெரிந்தால், கொஞ்சம் தள்ளி அடிக்கும்போது அதுதான் பந்தில் படும்.

படி 3: மேல் வளைவு

டிப்பின் வளைவுக்குப் பழக்கத்தில் இருக்கும் அளவுகோல் அமெரிக்க நாணயங்களின் விளிம்பு வளைவுதான். நிக்கல் நாணயத்தின் விட்டம் 21.21 மி.மீ., டைம் நாணயத்தின் விட்டம் 17.91 மி.மீ. ஆக நிக்கல் வளைவின் ஆரம் ஏறத்தாழ 10.6 மி.மீ., டைம் வளைவின் ஆரம் ஏறத்தாழ 9 மி.மீ. டைம் வளைவு போட்டால் ஸ்பின் பிய்த்துக்கொண்டு போகும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., ஆரம் சுமார் 28.6. மையத்திலிருந்து ஆரத்தில் ஏறத்தாழ பாதி தூரம் வரை, அதாவது 14 மி.மீ. சொச்சம் வரை, தள்ளி அடிக்கலாம். அதைத் தாண்டினால் எந்த டிப்பும் வழுக்கும். அந்த எல்லையில் அடிக்கும்போது டிப்பில் பந்து தொடும் இடம் எது? வளைவின் ஆரத்தில் பாதி அளவு, டிப்பின் நடுவிலிருந்து விலகியிருக்கும். நிக்கலுக்கு 5.3 மி.மீ., டைமுக்கு 4.5 மி.மீ. 13 மி.மீ. டிப்பின் ஓரம் நடுவிலிருந்து 6.5 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. இரண்டு வளைவிலும் தோல்தான் தொடுகிறது, ஓரம் தொடவில்லை. பிரச்சினை இல்லை.

டிப் தேய்ந்து தட்டையாகி, வளைவின் ஆரம் 13 மி.மீ.யைத் தாண்டிவிட்டால் கதை மாறிவிடும். அப்போது தொடும் இடம் ஓரத்துக்கே போய்விடுகிறது. தட்டை டிப்பில் டிரா (வெள்ளைப் பந்து பின்னோக்கி வரும்படி அதன் கீழ்ப்பக்கத்தில் அடிப்பது) அடிக்கும்போது மிஸ்க்யூ ஆவது இதனால்தான்.

நிக்கலுக்கும் டைமுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பார்த்துவிடுவோம். ஒரே எல்லைப் புள்ளியில் பந்தைத் தொட, க்யூவின் நடுக்கோடு நிக்கல் வளைவில் மையத்திலிருந்து சுமார் 19.6 மி.மீ. தள்ளிப் போக வேண்டும், டைமில் 18.8. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தொடக்க நிலையில் நம் கை அதைவிட அதிகமாக ஆடும். 13 மி.மீ. முனைக்கு நிக்கல், மெல்லிய முனைக்கு நிக்கலுக்கும் டைமுக்கும் நடுவில் எதுவோ. அவ்வளவுதான், இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

படி 4: தோலும் கடினமும்

டிப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒரே துண்டுத் தோலை அழுத்திச் செய்தது, மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டிச் செய்தது. அமெரிக்காவின் டுவீட்டன் நிறுவனத்தின் எல்க் மாஸ்டர் (மென்மையானது), லெ ப்ரோ (கடினமானது) இரண்டும் முதல் வகை. ஜப்பானின் மூரி, கமூயி போன்றவை அடுக்கு வகை. கமூயியின் அடுக்குகள் பன்றித்தோல்.

ஒற்றைத் தோல் டிப் விலை குறைவு, ஆனால் ஒரே பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று குணம் மாறும். ஒன்று கல்லாக இருக்கும், ஒன்று பஞ்சாக இருக்கும். அடுக்கு டிப்பில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு, பிதுங்குவதும் குறைவு. அதன் குறை, சரியாகப் பராமரிக்காவிட்டால் அடுக்கு பிரிந்துவிடும். எல்க் மாஸ்டரைப் பாலில் ஊறவைத்து, இடுக்கியில் அழுத்திக் காயவைத்துக் கடினமாக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்கு 'மில்க் டட்' என்று செல்லப் பெயர். வேடிக்கைக்குச் செய்து பார்க்கலாம், முதல் டிப்புக்கு வேண்டாம்.

சரி, இப்போது கடினம். சாஃப்ட் டிப் அதிக ஸ்பின் தரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் எவ்வளவு ஸ்பின் வரும் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக நீங்கள் பந்தை எங்கே, எவ்வளவு வேகத்தில் தொடுகிறீர்கள் என்பதுதான். டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமே ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. அதற்குள் டிப் பந்தைப் 'பிடித்து' வைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் மிகை. சாக் ஒழுங்காக இருந்து வழுக்காமல் தொட்டால் மென்மையான டிப்பும் கடினமான டிப்பும் அநேகமாக ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அப்படியானால் எதில் மாறும்? கடினமான டிப் க்யூவின் வேகத்தை இன்னும் கொஞ்சம் வீணாக்காமல் பந்துக்குக் கொடுக்கும். அதே இழுப்பில் பந்து சற்று வேகமாகப் போகும். சத்தம் கூர்மையாக இருக்கும், கைக்கு வரும் அதிர்வும் வேறு மாதிரி இருக்கும். வளைவு நெடுநாள் கலையாது, ஆனால் சீக்கிரம் மினுங்கிவிடும், சாக் பூசுவதில் சோம்பல் கூடாது. மென்மையான டிப் சாக்கை நன்றாகப் பிடிக்கும், சத்தம் அடங்கியிருக்கும், அடிக்கடி பிதுங்கும், அடிக்கடி வளைவு போட வேண்டும்.

இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் 'மீடியம்' இன்னொரு நிறுவனத்தின் 'ஹார்டு' ஆக இருக்கும். எல்லோருக்கும் பொதுவான அளவீடு கிடையாது. அதனால் பெயரைப் பார்த்து ஒப்பிடாதீர்கள், ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

என் தேர்வு: முதல் டிப்பாக, அடுக்கு வகையில் மீடியம். பந்துக்கூட்டத்தை உடைப்பதற்கென்று தனி க்யூ வைத்திருந்தால் அதற்கு ஹார்டு அல்லது பீனாலிக். பீனாலிக் தோல் அல்ல, பிசினால் ஆனது. வேகம் நன்றாக வரும், ஆனால் சாக் பிடிக்காது, தள்ளி அடித்தால் வழுக்கும். சில போட்டிகளில் அதை அனுமதிப்பதில்லை, முன்கூட்டியே விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: உட்காரும் இடம்

என்னை அதிகம் படுத்திய படி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். டிப் கழன்று விழுந்தால் எல்லோரும் பசையைத்தான் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி பசை இல்லை. ஃபெரூலின் முகமும் டிப்பின் அடிப்பாகமும் தட்டையாக இல்லாததுதான் காரணம்.

க்யூவை ஒரு கையிலும் உப்புத்தாளை இன்னொரு கையிலும் வைத்துத் தேய்த்தால் கை தானாக ஆடும். நடுப்பகுதி மேடாகவும் ஓரம் சரிவாகவும் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது. ஒட்டும்போது நடுவில் மட்டும் பிடித்து, ஓரத்தில் மெல்லிய இடைவெளி நிற்கும். அதில் பசை திரண்டு உலர்ந்து, நாலு பலமான அடியில் உடைந்துவிடும்.

இப்படிச் செய்யுங்கள். பழைய டிப்பைப் பிளேடால் எடுத்து, பழைய பசையைச் சுரண்டுங்கள். ஃபெரூலின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். 220 எண் உப்புத்தாளை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டு, க்யூவைச் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தம் கொடுக்காமல் அதன் எடையிலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை தூக்கிப் பாருங்கள். ஓரக் கோடு அழிந்து நடுக் கோடு நின்றால் நடுவில் குழி, நடு அழிந்து ஓரம் நின்றால் நடுவில் மேடு. எல்லாக் கோடும் ஒன்றாக அழியும் வரை விடாதீர்கள். டிப்பின் அடிப்பாகத்துக்கும் இதே பென்சில், இதே கண்ணாடி. கடைசியில் எஃகு ஸ்கேலின் விளிம்பை ஃபெரூல் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடையில் ஒளி கசியக் கூடாது.

பசைக்கு நான் எப்போதும் ஜெல் வகை சூப்பர் க்ளூதான். தண்ணீராக ஓடும் வகை தோலுக்குள் ஊறி அதைக் கல்லாக்கிவிடுகிறது. ஒரு சின்னச் சொட்டு போதும். டிப்பை வைத்து லேசாகத் திருகிப் பசையைப் பரப்பி, நடுவில் நிறுத்தி, க்யூவைத் தலைகீழாகச் சமமான தரையில் ஊன்றி ஒரு நிமிடம் அழுத்துங்கள். டிப்பை இறுக்கிப் பிடிக்க விற்கும் கவ்விகள் எனக்குப் பிடிப்பதில்லை, இறுக்கும்போது டிப்பைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகின்றன. அப்புறம் ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுநாள் ஃபெரூலைச் சுற்றி மறைப்பு டேப் ஒட்டி, க்யூவின் முனையை ஒரு மரப்பலகையில் ஊன்றி, புது பிளேடால் ஃபெரூல் பக்கத்திலிருந்து பலகையை நோக்கி நறுக்குங்கள். எதிர்த் திசையில் நறுக்கினால் டிப் பெயர்ந்து வரும். பக்கத்தை 600 எண் தாளால் சீராக்கி, லேசாக ஈரம் தொட்டு, ஒரு தோல் துண்டால் சூடேறும் வரை தேயுங்கள். பக்கச் சுவர் இறுகினால் பிதுங்கல் தள்ளிப்போகும். கடைசியாக, கிண்ணம் மாதிரிக் குழிவுள்ள ஷேப்பரால் மேலே வளைவு போடுங்கள். முள்முள்ளாக இருக்கும் குத்தியை மட்டும் அடுக்கு டிப்பில் ஓங்கிக் குத்தாதீர்கள், அடுக்கு பிரிய அதுவே போதும்.

முதல் சில ஆட்டங்களில் தோல் அமுங்கும், வளைவு கொஞ்சம் கலையும். மறுபடி ஒரு முறை ஷேப்பர் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு டிப் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சில:

கார்பன் ஷாஃப்டுக்கும் (கார்பன் இழையால் செய்த, க்யூவின் முன்பாதி) இதே முறையா? டிப் தேர்வு அதேதான். ஆனால் கார்பனைத் தேய்க்கும்போது கிளம்பும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போடுங்கள், பக்கத்தைத் தேய்க்கும்போது ஷாஃப்டின் மேல் தாள் படாமல் டேப் ஒட்டுங்கள். லேத் இருப்பவரிடம் கொடுப்பதே மேல்.

அடுக்கு டிப் ஒட்டியும் அடி அடுக்கு கல்லாகிவிட்டது என்றார் ஒருவர். பசை ஊறியிருக்கிறது. ஜெல்லையே இன்னும் குறைவாக வையுங்கள், அல்லது அடியில் தடுப்புப் படலத்தோடு வரும் டிப் வாங்குங்கள். கமூயியின் 'கிளியர்' வகையில் அப்படி ஒரு படலம் உண்டு.

திருகு டிப் உள்ள க்யூவை என்ன செய்வது? திருகு ஆடத் தொடங்கினால் எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி தளரும். அதே புரி அளவில் புதுத் திருகு டிப் போடலாம், ஆனால் அதில் தோலின் தரம் பொதுவாகச் சுமார்தான். அந்தக் க்யூவிலேயே தொடர்ந்து ஆடுவதாக இருந்தால் முனையில் ஒட்டு டிப்புக்கான ஃபெரூலை மாட்டச் சொல்லுங்கள். பயிற்சிக்கு மட்டும் என்றால் திருகையே மாற்றிக்கொண்டு போங்கள்.