இண்டி பேண்டுக்கு மியூசிக் வீடியோ: கான்செப்ட்டிலேயே சறுக்கும் இடங்கள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் எடுக்கும் ராக் பேண்டு வீடியோக்கள் பெரும்பாலும் கேமராவால் கெடுவதில்லை. ஷூட்டிங்குக்கு இரண்டு வாரம் முன்பு, கான்செப்ட் எழுதும் தாளிலேயே கெட்டுவிடுகின்றன. குறும்படக் கதை ஒன்றை எழுதிவிட்டு, பாட்டை அதன் பின்னணியில் ஓடவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. காதல், பிரிவு, மொட்டை மாடி, ஃப்ளாஷ்பேக், ரயில் நிலையத்தில் கடைசிப் பார்வை என்று பட்டியல் நீளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 நிமிடம் 40 நொடிப் பாட்டு என்றால் 220 நொடி. பேண்டு வாசிக்கும் காட்சிகளுக்கு அதில் பாதி போய்விடும். மீதி 110 நொடியில் 12 காட்சிகள் என்றால் ஒரு காட்சிக்கு 9 நொடிதான் கிடைக்கும், வசனமும் கிடையாது. திரையில் வரும் பெண் தங்கையா காதலியா என்று புரிவதற்குள் கோரஸ் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) வந்துவிடும். ஒரு ஆள், இரண்டு இடம், ஒரு மாற்றம். இதற்கு மேல் பாட்டு தாங்காது.

கதையே இல்லாமலும் எடுக்கலாம். 2006இல் ஓகே கோ பேண்டு எட்டு டிரெட்மில்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் ஆடிக்கொண்டே ஒரே ஷாட்டில் ஒரு வீடியோ எடுத்தது. அதில் செலவைவிட ஒத்திகைதான் அதிகம். அந்த கான்செப்ட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். உங்களுடையதையும் அப்படிச் சொல்லிப் பாருங்கள். "அந்தப் பட மாதிரி", "இந்த வீடியோ மாதிரி" என்ற சொற்களைத் தொடக்கூடாது. அவை இல்லாமல் வாய் திறக்க முடியவில்லை என்றால் கையில் இருப்பது மூட்போர்டு (பிடித்த படங்களை ஒட்டி வைத்த பலகை) மட்டும்தான், கான்செப்ட் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்தது, வரிகளை மட்டும் கேட்பது. 'மழை' என்று பாடினால் மழை, 'உடைந்தேன்' என்றால் உடையும் கண்ணாடி. காது ஏற்கெனவே சொன்னதைக் கண்ணுக்கு இன்னொரு முறை சொல்வதில் என்ன இருக்கிறது? வரியை விட்டுவிட்டு பேஸ் கிட்டார் எங்கே நுழைகிறது, டிரம்ஸ் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அதை ஒரு பாட்டு வரைபடமாக எழுதுங்கள்: நேரம், பகுதி, எத்தனை பார் (தாளச் சுற்று), எந்த வாத்தியம் புதிதாக வருகிறது, வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா. நிமிடத்துக்கு 120 பீட், நான்கு பீட்டுக்கு ஒரு பார் என்றால் ஒரு பார் 2 நொடி. 8 பார் கோரஸ் 16 நொடி. இந்த எண்கள் கையில் இருந்தால்தான் "கோரஸில் ஆறு ஷாட்" என்று எழுதும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியும். பெரும்பாலான பாடல்களில் கோரஸ் மூன்று முறை வரும். நல்ல ஷாட்டையெல்லாம் முதல் கோரஸிலேயே கொட்டிவிட்டால் மூன்றாவதில் காட்ட ஒன்றும் இருக்காது. கடைசிக் கோரஸுக்கென்று ஒரு இடமோ ஒரு வெளிச்சமோ ஒளித்து வையுங்கள்.

லொகேஷனைக் கூகுளில் பார்த்து எழுதுவதும் உண்டு. பெசன்ட் நகர் கடலில் சூரியன் மறைவதாக எழுதுகிறார்கள். சென்னைக் கடற்கரை கிழக்கு பார்த்தது. அங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. ஜூனில் காலை 5:45 வாக்கில் உதிக்கிறது என்றால் டிரம் கிட் 4:30க்கே மணலில் நின்றிருக்க வேண்டும். அதை ஏற்றி வரும் குட்டி யானை வாடகையும் எட்டுப் பேர் சாப்பாடும் கேமரா வாடகையை நெருங்கிவிடும். பட்ஜெட் தாளில் மாணவர்கள் மறப்பது இந்த இரண்டைத்தான். ரயில் நிலையம் என்று எழுதினால் ரயில்வே அனுமதிக்கான நாட்களையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி பிளேபேக், அதாவது செட்டில் பாட்டை ஒலிக்கவிட்டு அதற்கேற்பப் பாடி, வாசித்து எடுப்பது. டெமோவை வைத்து ஷூட் பண்ணிவிட்டு, பிறகு வந்த ஃபைனல் மிக்ஸில் டெம்போ மாறியிருந்தால் எந்த எடிட்டராலும் உதட்டைச் சேர்க்க முடியாது. முடிவான மாஸ்டரை (வெளியிடப்போகும் அதே ரெக்கார்டிங்கை) 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம். எங்கே தொடங்குவது என்று பேண்டுக்குத் தெரிய, பாட்டு தொடங்கும் முன் நான்கு பீப் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பேண்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்: நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுக்கும்போது ஒலி ஏறக்குறைய 14 மீட்டர் கடப்பதற்குள் ஒரு ஃப்ரேம் போய்விடும், உதடும் அந்த அளவு பின்தங்கும்.

டிரம்மர் உண்மையாக அடித்தால் பிளேபேக் யாருக்கும் கேட்காது; மெதுவாக அடித்தால் பொய் என்று திரையில் பளிச்சென்று தெரியும். அவர் முழு வேகத்தில் அடிக்கட்டும், கேமராவுக்குத் தெரியாத காதில் இயர்போன் இருக்கட்டும். பாடகரின் குளோசப்பில் டிரம்ஸ் ஃப்ரேமுக்கு வெளியே சும்மா இருக்கலாம். பாடகர் உதட்டை மட்டும் அசைக்கக்கூடாது, வாய்விட்டுப் பாட வேண்டும். கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். பாடிப் பாடிக் குரல் களைத்துவிடும் என்பதால் அவருடைய டேக்குகளை முதலில் எடுத்துவிடுங்கள். வைடு (பேண்டு முழுதும் தெரியும் ஷாட்) இரண்டு, பாடகர் இரண்டு, மற்ற நால்வருக்கு ஆளுக்கொன்று என்று எட்டு முழு டேக் என்றால் ஃபுட்டேஜ் அரை மணி நேரம்தான். ஆனால் லைட் மாற்றி, வியர்வை துடைத்து முடிக்க அரை நாள் ஓடிவிடும். (எலக்ட்ரிக் கிட்டாரில் கேபிளைச் செருக மறக்காதீர்கள். கமென்ட்டில் முதலில் வருவது அதுதான்.)

ஸ்லோ மோஷனில் பாடகர் பாட வேண்டும் என்று எழுதும்போதே அதற்கான ஆடியோவையும் எழுதிக்கொள்ளுங்கள். 50 ஃப்ரேமில் எடுத்து 25இல் ஓட்டினால் செட்டில் பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்க வேண்டும். அந்த ஃபைலை வீட்டிலேயே தயார் செய்து, பாடகரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஃப்ரேம் வேகத்தை மாற்றும்போது லைட்டையும் கவனியுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி என்றால் சிக்கல் இல்லை. 60 ஃப்ரேம், 1/120 என்று வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

உரிமை விஷயத்தில் பேண்டின் வாய்ச்சொல் போதாது. மெட்டு, வரி ஒருவருடையது, ரெக்கார்டிங் இன்னொருவருடையது என்று இருக்கலாம். இரண்டுக்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். யார் சேனலில், எப்போது வெளியிடுவது என்பதும் அதிலேயே இருக்கட்டும். சினிமாப் பாட்டின் கவர் என்றால் பேண்டு சம்மதித்தாலும் மியூசிக் கம்பெனி உரிமை கோரலாம்.

எல்லாம் எழுதி முடித்ததும் வகுப்பறையில் நண்பர்களை நிறுத்தி, துடைப்பத்தைக் கிட்டாராக்கி, முழுப் பாட்டையும் போனில் எடுத்து வெட்டி ஒட்டிப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். கான்செப்ட் தெரியாத ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டி, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். கண் விலகும் நொடியைப் பாட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதுங்கள்.