காரின் ஏர் ஃபில்டரை நீங்களே மாற்றலாம்

எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை மாற்ற மெக்கானிக் தேவையில்லை. எஞ்சின் ஆறியதும் பானெட்டைத் திறந்தால், தடிமனான குழாய் இணைந்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி தெரியும்; ஃபில்டர் அதற்குள்தான் இருக்கும். கிளிப்பையோ ஸ்க்ரூவையோ கழற்றி மூடியை மெதுவாகத் தூக்குங்கள். சென்சார் ஒயர் இருந்தால் இழுபடக்கூடாது. பழைய ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பலர் விட்டுவிடும் வேலை: பெட்டிக்குள் கிடக்கும் தூசி, சருகைத் துடைத்தெடுப்பது. எஞ்சினுக்குப் போகும் குழாயில் எதுவும் விழக்கூடாது. புது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் இடுக்கு வழியாக வடிகட்டாத காற்று நேரே எஞ்சினுக்குள் போய்விடும். ஃபில்டர் இருந்தும் பயனில்லை.

காகித ஃபில்டரைக் கழுவி மறுபடி போடும் சிக்கனம் மட்டும் வேண்டாம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது கார் கையேட்டில் இருக்கும். புழுதிச் சாலையில் அதிகம் ஓட்டினால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.