சாப்பிட உட்கார்ந்தால் கன்னம் வீங்குகிறதா? தசையையும் தொட்டுப் பாருங்கள்

சாப்பிட ஆரம்பித்ததும் காதுக்கு முன்னால் கன்னம் புடைக்கிறது, சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் தானாக வடிந்துவிடுகிறது. உடனே பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிடுவார்கள். சங்கிலியால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. பொன்னுக்கு வீங்கி வைரஸ் தொற்று. வந்தால் சில நாள் இருந்துவிட்டுத்தான் போகும். வேளாவேளைக்கு வந்து போகிற வீக்கம் என்றால் எச்சில் குழாயில் ஏதோ அடைப்பு.

அடைப்பு என்றதும் குழாயில் உருவாகும் கல்லைத்தான் தேடுவார்கள். தேடவும் வேண்டும். ஆனால் கல் இல்லை என்று ஸ்கேன் சொன்ன பிறகும் வீக்கம் தொடர்ந்தால், மெல்லும் தசையைக் கவனியுங்கள். காதுக்கு முன்னால் இருக்கும் எச்சில் சுரப்பியான பரோடிட்டின் குழாய் அந்தத் தசையின் மேலேயே ஓடி, அதன் முன் விளிம்பில் சட்டென்று உள்ளே வளைந்து, மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறக்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், ஓயாமல் சூயிங்கம்மோ பாக்கோ மெல்லுபவர்களுக்கும் தசை தடிக்கலாம். அரிதாக, தடித்த தசை அந்த வளைவில் குழாயை மடக்கிவிடும்.

பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கீழ்த்தாடை மூலையில் விரல் வைத்துப் பாருங்கள். கடிக்கும்போது இறுகித் திரண்டு, விட்டதும் தளர்ந்தால் அது தசை. சுரப்பி வீங்கினால் இப்படி மாறாது. காதுமடலின் அடிப்பகுதியும் சற்றுத் தூக்கிக்கொள்ளும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படும் தவறு சூயிங்கம்தான். எச்சில் ஊற வைக்கும் என்று கல் அடைப்புக்குச் சொல்கிற யோசனை, இங்கே தசைக்கே தீனி. தண்ணீர் நிறையக் குடியுங்கள். காதிலிருந்து வாய்ப் பக்கமாக மெதுவாக நீவி விடலாம், அழுத்த வேண்டாம். காய்ச்சல், சிவப்பு, வாயில் சீழ்ச் சுவை எதுவும் இல்லாமல் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி விழுங்குவதும் வீண்.

இரவில் போடும் பல் கவசம் பல் தேய்வதைத் தடுக்கும். தசை அதனால் சுருங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். தசையைச் சுருக்க, அதைத் தளர்த்தும் மருந்தான போடாக்ஸ் ஊசி போடுவது உண்டு. பலன் தெரியச் சில வாரம் ஆகும், பிறகு சில மாதங்கள்தான் நிற்கும். சுரப்பியையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாமல் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். முகத்தை அசைக்கும் நரம்பு அதற்குள்தான் போகிறது.

ஒன்று மட்டும்: வடியாமல் வளரும் கட்டி, முகம் ஒரு பக்கம் இழுப்பது, வாய் திறக்க முடியாமல் போவது, இவற்றைத் தசை மேல் பழிபோட்டுத் தள்ளிவைக்காதீர்கள். உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.