மழைக்குப் பின் பிடித்த எறும்பு: ராணிதானா, எந்த ராணி?

ராணி எறும்பைப் பிடித்து, டெஸ்ட் டியூபில் வைத்துக் கூட்டமாக வளர்க்க நினைப்பவர்களுக்கான குறிப்பு இது. கோடை மழை ஓய்ந்த மாலையில் தெருவிளக்கின் அடியில் சிறகோடு விழுந்து கிடப்பதெல்லாம் எறும்பு அல்ல. பெரும்பாலும் ஈசல். முதலில் அதைக் கழித்துவிடுங்கள். ஈசலுக்கு இடுப்பு ஒடுங்காது. நான்கு சிறகும் ஒரே நீளம், உணர்கொம்பு கோத்த பாசிமணி போல நேராக இருக்கும். எறும்புக்கு இடுப்பு நூலாக ஒடுங்கும், முன்சிறகு பெரிதாகவும் பின்சிறகு சிறிதாகவும் இருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கும்.

அடுத்து ஆண் எறும்பு. அதுவும் சிறகோடுதான் விளக்குக்கு வரும். ஒல்லியான உடல், பொடித்தலை, தலைக்குப் பொருந்தாத பெரிய கண். பார்த்தால் சின்னக் குளவி என்று தோன்றும். ஓரிரு நாளில் செத்துவிடும், வளர்க்க எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பவற்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டெறும்பின் பெரிய வேலைக்காரியை ராணி என்று நினைத்து மாதக்கணக்கில் டெஸ்ட் டியூபில் வைத்திருப்பார்கள். உடல் பெரிதா என்று பார்க்காதீர்கள், மார்பைப் பாருங்கள். வேலைக்காரிக்குத் தலை அகலம், மார்பு அதைவிடக் குறுகல். பக்கவாட்டில் மெலிந்த ஒரே வளைவாக ஓடும். ராணிக்குச் சிறகுத் தசை இருக்க வேண்டும் என்பதால் மார்பு தலைக்கு ஈடாகப் புடைத்து, மேலே தனித்தனித் தகடுகளாகப் பிரிந்திருக்கும். சிறகை உதிர்த்திருந்தால் மார்பின் பக்கத்தில் கிள்ளிப் போட்டது போல வெளிறிய தழும்பு தெரியும். நெற்றியில் மூன்று பொட்டுக் கண்கள் முக்கோணமாக இருக்கும். கட்டெறும்பு வேலைக்காரிக்கு அவை கிடையாது.

இதையெல்லாம் ஓடும் எறும்பில் பார்க்க முடியாது. டியூபோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 5 நிமிடம் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். மயங்கியதும் கிராஃப் தாளில் இறக்கி, மொபைலில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என மூன்று படம் எடுங்கள். 1 மி.மீ. கட்டங்களே அளவுகோல். மொத்த நீளத்தை மட்டும் குறித்தால் போதாது. வயிறு உப்புவதும் சுருங்குவதுமாக இருக்கும். தலையின் அகலம் மாறாது, அதையும் குறியுங்கள். தேதி, மணி, இடம், மழை பெய்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். இந்த விவரம் இல்லாத படத்தைப் பார்த்து இனம் சொல்வது கடினம்.

இனி இடுப்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே முடிச்சு ஒன்றா, இரண்டா? 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் போதும்.

ஒரே முடிச்சு என்றால் வயிற்றின் நுனிக்குப் போங்கள். அங்கே சுற்றிலும் மயிர் வைத்த சிறு வட்டத் துளை இருந்தால், கொட்டாமல் அமிலம் பீய்ச்சும் துணைக்குடும்பம். கட்டெறும்பு, முசுறு எல்லாம் இதில்தான். முசுறு ராணியைத் தவறவிடவே முடியாது. வேலைக்காரி செம்மஞ்சளாக இருக்க, ராணி மட்டும் பச்சை. கட்டெறும்புகளின் பேரினமான காம்போனோட்டஸ் ராணிகளில் முழுக் கறுப்பாக, ஒன்றரை செ.மீ.க்கு மேல் இருந்தால் கம்ப்ரஸஸ் என்ற நம் சாதாரணக் கட்டெறும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். தலை சிவந்து வயிறு பொன்பட்டாக மின்னினால் செரிசியஸ். இளம்பழுப்பாக, இரவில் விளக்கடியில் கிடைத்தால் இரிட்டான்ஸ் பக்கம் தேடுங்கள். மார்பிலோ முடிச்சிலோ முள் நீட்டியிருந்தால் பாலிராக்கிஸ் என்ற வேறு பேரினம் ஆகலாம்.

துளை இல்லாமல் கொடுக்கு இருந்தால் கவனம். இங்கேதான் டயகாமா வரும். கைரேகை போல வரிவரியாகக் கோடிட்ட, கறுத்த, பெரிய எறும்பு. அதில் ராணி என்ற வகையே கிடையாது. வேலைக்காரிகளில் ஒன்றே இணைசேர்ந்து முட்டையிடும். மார்பின் பக்கத்தில் இருக்கும் மொட்டு போன்ற குட்டி உறுப்பைச் சிறகுத் தழும்பு என்று நினைத்துப் பலர் பிடித்துவிடுகிறார்கள்.

இரண்டு முடிச்சு என்றால் வேலை கொஞ்சம் நுணுக்கம். வயிறு இதய வடிவில், இரண்டாம் முடிச்சு வயிற்றின் மேற்புறத்தில் ஒட்டியிருந்தால் கிரமாட்டோகாஸ்டர் என்ற பேரினம். அதிகம் குழப்புவது பெருந்தலைச் சிப்பாய்கள் உள்ள ஃபைடோல் பேரினமும் நெருப்பெறும்பும். இரண்டும் பழுப்பு, அளவும் ஏறக்குறைய ஒன்று. மார்பின் பின்முனையைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு ஜோடி முள் இருந்தால் ஃபைடோல். முள்ளின்றி வழவழப்பாகச் சரிந்தால் நெருப்பெறும்பு, அதாவது சொலனாப்சிஸ் ஜெமினாட்டா. உணர்கொம்பின் நுனியில் ஃபைடோலுக்கு 3 துண்டும் மற்றதற்கு 2 துண்டும் தடித்திருக்கும் என்பது வேலைக்காரியில் தெளிவாகத் தெரியும். ராணியில் மங்கல், அதனால் முள்ளை நம்புவதே மேல். நெருப்பெறும்பு அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து பரவியது. அது என்று தெரிந்தால் வேறு ஊருக்கு எடுத்துப் போகவோ வெளியே விடவோ கூடாது.

தலையும் வயிறும் கறுத்து மார்பு செங்கல் நிறத்தில், ஒல்லியாக, நீண்ட கண்ணோடு மரப்பட்டையில் ஊர்ந்தால் டெட்ராபொனேரா ரூஃபோனிக்ரா. புடைத்த மார்பு என்ற விதிக்கு அது சரியாக அடங்காது. கையால் தொடாதீர்கள், அது கொட்டி உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு.

பேரினம் வரை தெரிந்தாலே உணவு விஷயத்தை முடிவு செய்துவிடலாம். காம்போனோட்டஸ், ஃபைடோல், சொலனாப்சிஸ் ராணிகள் சிறகுத் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்க்கும். தண்ணீரும் பஞ்சும் இட்ட டியூபை இருட்டில் வைத்து, வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அடிக்கடி வெளிச்சம் காட்டினால் முட்டையைத் தின்றுவிடும். கொடுக்குள்ள வேட்டை எறும்புகளிலும் டெட்ராபொனேராவிலும் ராணி இரை தேட வெளியே வரும். அவற்றுக்கு வாரம் இரண்டு முறை சிறு பூச்சித் துண்டும் தேன்நீர்ச் சொட்டும் வேண்டும், இல்லையென்றால் பட்டினியில் சாகும்.

சிறகு உதிர்ந்ததாலேயே இணைசேர்ந்தது என்று ஆகாது. இணைசேராத ராணியும் சிறகை உதிர்க்கும், முட்டையும் இடும். அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும். கூட்டுப்புழுவிலிருந்து முதல் வேலைக்காரி வந்த பிறகே உறுதி. அப்போது அதையும் கிராஃப் தாளில் படமெடுத்து, உணர்கொம்புத் துண்டுகளை எண்ணிச் சரிபாருங்கள். ஃபைடோல் என்று எழுதி வைத்த டியூபில் சில வாரம் கழித்துப் பெருந்தலைச் சிப்பாய் ஒன்றும், உணர்கொம்பு நுனியில் தடித்த 3 துண்டும் தெரிந்தால், பெயருக்குப் பின்னால் போட்டிருந்த கேள்விக்குறியை அழித்துவிடலாம்.