பாட்டிலுக்குள் ஓர் ஏரி: கந்தகச் சுழற்சியைக் கண்ணால் பார்க்கலாம்

ஏரிக்கரைச் சேற்றை ஒரு விரற்கடை தோண்டினாலே உள்ளே கன்னங்கரேல் என்றிருக்கும். அழுகிய முட்டை வாடையும் அடிக்கும். இரண்டுமே பாக்டீரியாக்களின் கைவரிசை. அவற்றை வளர்த்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு லிட்டர் பாட்டில் போதும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண் பாக்டீரியாக்களை ஆராய்ந்த செர்கெய் வினோகிராட்ஸ்கியின் பெயரால் இதை ‘வினோகிராட்ஸ்கி தூண்’ என்கிறார்கள்.

படி 1: சேறு. கரையோரம் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கறுப்புச் சேற்றைக் கையுறை போட்டு அள்ளுங்கள். சாக்கடை கலக்கும் இடம் வேண்டாம். கல், குச்சி, நத்தை எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். ஏரித் தண்ணீரும் கொஞ்சம் வேண்டும்.

படி 2: கலவை. செய்தித்தாள் ஒரு பக்கத்தைப் பொடியாகக் கிழித்து, அவித்த முட்டையின் மஞ்சள் கரு ஒன்றோடு சேற்றில் பிசையுங்கள். இட்லி மாவுப் பதம் சரியாக இருக்கும். காகிதம் கார்பனுக்கு, மஞ்சள் கரு கந்தகத்துக்கு.

படி 3: நிரப்புதல். பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, கால் பாகம் கலவை, அதற்கு மேல் முக்கால் பாகம் வரை வெறும் சேறு. காற்றுக்குமிழ் போக மெல்லத் தட்டுங்கள். மேலே இரண்டு விரற்கடை ஏரித் தண்ணீர். பாலித்தீன் தாளால் தளர்வாக மூடுங்கள். இறுக்கினால் வாயு சேரும். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 4: வெளிச்சம். பாட்டிலின் ஒரு பக்கம் மேலிருந்து கீழாகக் கறுப்புக் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். காரணம் கடைசியில். நேரடி வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். என் முதல் பாட்டிலை மொட்டைமாடியில் வைத்தேன். வெந்துபோய், மேலே பச்சைப் பாசி மட்டும்தான் மிஞ்சியது.

படி 5: காத்திருத்தல். ஆறு முதல் எட்டு வாரம். முதல் சில வாரம் வாடை இருக்கும். எங்கள் வீட்டில் “அதை முதல்ல கொண்டுபோய்க் கொட்டு” என்று அம்மா தினமும் சொன்னார்.

இனி உள்ளே நடப்பது. அடியில் ஆக்சிஜன் இல்லை. காகிதத்தின் செல்லுலோஸைச் சில பாக்டீரியாக்கள் சிதைக்க, அதில் வரும் அமிலங்களை டீசல்ஃபோவிப்ரியோ போன்ற வேறு பாக்டீரியாக்கள் தின்கின்றன. நாம் ஆக்சிஜனை வைத்துச் சுவாசிப்பதுபோல், அவை கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. வெளியேறுவது ஹைட்ரஜன் சல்பைடு. வாடை அதனுடையது. அது சேற்றின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு இரும்பு சல்பைடு.

மிச்ச வாயு மேலேறுகிறது. அங்கே பச்சைக் கந்தக பாக்டீரியாவும், அதற்குச் சற்று மேலே ஊதாக் கந்தக பாக்டீரியாவும் காத்திருக்கின்றன. பச்சைக்கு இந்த நச்சு வாயு அதிகம் தாங்கும், அதனால் கீழ்வரிசை. செடி தண்ணீரைப் பிளந்து ஒளிச்சேர்க்கை செய்யும். இவை ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்துவதால் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வருகிறது. அது மறுபடி சல்பேட்டாகிக் கீழே இறங்கினால், அடியில் இருப்பவற்றுக்கு அடுத்த மூச்சு.

சுவிட்சர்லாந்தில் 1,921 மீட்டர் உயரத்தில் உள்ள கடாக்னோ ஏரியில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. அங்கே சுமார் 12 மீட்டர் ஆழத்தில் தண்ணீரே இளஞ்சிவப்பாக இருக்கும். ஊதாக் கந்தக பாக்டீரியாக்களின் நிறம் அது.

படி 6: பட்டையை உரித்தல். எட்டாவது வாரம் கறுப்புக் காகிதத்தைப் பிய்த்தேன். இரண்டு பக்கமும் ஊதாத் திட்டுகள். பட்டை இருந்த இடத்தில் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் வெறும் கறுப்புச் சேறு.