முகநூலில் கருவாடு விற்றுப் பெயர் எடுப்பது எப்படி?

திருகோணமலைச் சந்தையில் கருவாடு வாங்க வருபவர் சும்மா வாங்கிப் போவதில்லை. கையில் எடுப்பார், முறித்துப் பார்ப்பார், மணந்து பார்ப்பார், விலை பேசுவார். சரிவராவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஹட்டனிலோ கொழும்பிலோ இருந்து போனில் பார்த்து வாங்குபவருக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது. காசை மட்டும் முதலே அனுப்ப வேண்டும். ஆகவே சந்தையில் அவர் தன் கையால் செய்யும் சோதனைகளை அவருக்காக நீங்கள்தான் செய்து காட்ட வேண்டும். வீட்டிலிருந்து கருவாடு விற்கத் தொடங்கி நான் பழகிக்கொண்டது இதைத்தான்.

1. இலக்கமும் பெயரும்

வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு சிம் எடுத்து, அதில் வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைப் போடுங்கள். இலவசம்தான். கடை நேரம், இடம், படத்தோடும் விலையோடும் பொருட்பட்டியல் எல்லாம் அதில் வைக்கலாம்.

முகநூலில் உங்கள் சொந்தக் கணக்கில் விற்காமல் தனிப் பக்கம் தொடங்குங்கள். லைக் நிறைய இருக்கிறதே என்று பழைய சினிமாப் பக்கம் ஒன்றை விலைக்கு வாங்கிப் பெயரை மாற்ற வேண்டாம். பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதையெல்லாம் 'பக்க வெளிப்படைத்தன்மை' என்ற பகுதியில் முகநூலே எவருக்கும் காட்டிக்கொடுத்துவிடும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருந்தால் அதையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

2. விலை

"விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ" என்று எழுதவே எழுதாதீர்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்றுதான் எவரும் நினைப்பார். கிலோ விலை, கூரியர் செலவு இரண்டும் பதிவிலேயே இருக்கட்டும். மீன் விலை ஏறி இறங்கும் என்றால் "இந்த விலை வெள்ளிக்கிழமை வரை" என்று போட்டால் முடிந்தது.

3. படம்

இணையத்தில் எடுத்த படத்தைப் போட்டால் எப்படியும் பிடிபடுவீர்கள். நிலாவெளிக் கடலில் சூரியன் மறைகிற படத்தை முகப்பில் வைத்திருந்த பக்கம் ஒன்றைப் பார்த்தேன். நம்முடைய கடல் கிழக்கே இருக்கிறது ஐயா, இங்கே சூரியன் கடலில் உதிக்குமே தவிர மறையாது!

உங்கள் போனே போதும். வெறும் தராசு பூச்சியத்தில் நிற்பதிலிருந்து காணொளியைத் தொடங்குங்கள். கருவாட்டை வைத்து, இலக்கம் தெரியக் காட்டுங்கள். பிறகு ஒரு நெத்தலியை எடுத்து முறியுங்கள். நன்றாகக் காய்ந்தது மளுக்கென்று முறியும், ஈரம் இருந்தால் வளையும். பார்ப்பவருக்கு இது சொல்லாமலே விளங்கும். அடியில் கிடக்கும் உடைந்த துண்டுகளையும் மறைக்க வேண்டாம், பொதியில் அவையும் வரத்தானே போகின்றன. பின்னணியில் பாட்டு எதற்கு? நெத்தலியை அள்ளிக் கொட்டும்போது சலசலவென்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்கவிடுங்கள்.

4. குறை வந்தால்

ஒரு மார்கழி மாதம், அடைமழை, வெயிலே இல்லை. ஓடர்கள் குவிந்து கிடந்தன. சாளை இன்னும் முழுதாகக் காயவில்லை, போய்ச் சேரும்வரை தாங்கும் என்று நினைத்துப் பொதி கட்டி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் என் பதிவின் கீழே, எல்லோரும் பார்க்க, பூஞ்சணம் பிடித்த கருவாட்டின் படம். "அக்கா, இதுதானா உங்கட திருமலைக் கருவாடு?"

அழிக்கத்தான் விரல் போனது. மகன் தடுத்தான். "அம்மா, அழிச்சா அவர் ஸ்கிரீன்ஷொட்டை வேற குறூப்பில போடுவார்."

அப்புறம் இப்படி எழுதினேன்: "தம்பி, பிழை என்னுடையது. காய முதலே அனுப்பிவிட்டேன். அதைச் சமைக்க வேண்டாம். இன்று மாலைக்குள் காசைத் திருப்பிப் போடுகிறேன், கணக்கு இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்." மழையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. சாக்குப்போக்கு சொல்லத் தொடங்கினால் அது சண்டையில்தான் போய் முடியும். காசு போட்ட சிலிப்பையும் தனியாக அனுப்பினேன். இரவு அவரே அதே இடத்தில் "காசு வந்தது, நன்றி அக்கா" என்று எழுதினார். அந்தப் படமும் பதிலும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் சிலர் அதை வாசித்துவிட்டுத்தான் வந்தோம் என்கிறார்கள்.

இப்போதெல்லாம் மழை மாதங்களில் "வெயில் வரும்வரை ஓடர் இல்லை" என்று பக்கத்தின் உச்சியில் பொருத்தி வைக்கிறேன்.

5. நாலு பேர் சொல்ல வேண்டும்

மச்சான், சித்தி, பெறாமகள் எல்லோரும் ஒரே நாளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் அது பார்த்தவுடனே தெரியும். மதிப்புரை எழுதினால் விலையில் கழிவு என்பதும் வேண்டாம், கூகுள் விதிகளில் அதற்கு இடமில்லை. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம், ஆனால் ஆட்கள் நேரில் வந்து வாங்கும் இடமாக இருக்க வேண்டும். முகநூலில் 2018 முதல் நட்சத்திரம் இல்லை, பரிந்துரைக்கிறீர்களா என்று மட்டும் கேட்கும்.

பொதி கிடைத்து இரண்டு நாள் கழித்து, கறி வைத்திருப்பார்கள் என்ற கணக்கில், "அண்ணா, உப்பு அளவாக இருந்ததா?" என்று கேளுங்கள். "கொஞ்சம் கூட, ஊறவைத்துக் கழுவினேன், பிறகு சரி" என்று வரும் பதில் "சுப்பர்" என்பதைவிட எவ்வளவோ மேல். அவரிடம் கேட்டுவிட்டு, இலக்கத்தை மறைத்து, அதைப் பக்கத்தில் போடுங்கள்.

6. பூட்டு

கணக்கு திருட்டுப் போனால் உங்கள் பெயரிலேயே உங்கள் வாடிக்கையாளரிடம் காசு கேட்பார்கள். போனுக்கு வரும் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு, இரு படிச் சரிபார்ப்பு என்று போய் ஆறு இலக்கம் ஒன்றைப் போடுங்கள். பிறந்த திகதி வேண்டாம். மறந்துவிடும் என்றால் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள்.